மிதக்கும் பெருங்கட்டமைப்புகளின் இணைப்பான்கள்: அறிகுறியைக் கொண்டு பிழை காணும் வழிமுறை

கடலில் மிதக்கும் மிகப் பெரிய கட்டமைப்பு எதையும் ஒரே துண்டாகக் கட்டி நீரில் இறக்க இயலாது. உலர்துறையின் நீள அகலம் அதற்கு இடம் தராது. இடம் தந்தாலும், அவ்வளவு நீளமான உடலை ஒரே விறைப்போடு அலைமேல் விட்டால் அதன் நடுப்பகுதி வளைவைத் தாங்காது. ஆகவே கூறு கூறாகக் கட்டி, இழுவைப் படகால் இழுத்து வந்து, கடலிலேயே ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். அப்படிப் பிணைக்கும் உறுப்பே இணைப்பான். ஜப்பானில் டோக்கியோ விரிகுடாவில் யோகோசுகா அருகே 1999இல் நிறைவு பெற்ற 1,000 மீட்டர் நீள மெகா ஃப்ளோட் சோதனை ஓடுதளத்தின் கூறுகள் நீரிலேயே பற்றவைத்து ஒட்டப்பட்டன. அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகம் 1990களின் பிற்பகுதியில் ஆராய்ந்த நகரும் கடல்தளத்துக்கு, அரைமூழ்குக் கூறுகளை (உடலின் ஒரு பகுதி நீருக்குள் மூழ்கியபடி மிதப்பவை)க் கீல்களால் கோக்கும் திட்டமும் இருந்தது. இணைப்பானே வேண்டாம், ஒவ்வொரு கூறையும் உந்திகளால் நிலைநிறுத்தி வரிசையில் வைத்துக்கொள்ளலாம் என்ற திட்டமும் இருந்தது. ஒரே கேள்விக்கு இவ்வளவு மாறுபட்ட விடைகள் வந்ததே இணைப்பான் எவ்வளவு கடினமான உறுப்பு என்பதைக் காட்டும்.

கீழே உள்ளவை வடிவமைப்பு மேசையிலும், அலைத்தொட்டியிலும் (செயற்கை அலையில் சிறு மாதிரியைச் சோதிக்கும் நீர்த்தொட்டி), கடலிலும் தென்படும் அறிகுறிகளின் வரிசைப்படி அமைந்துள்ளன. எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் ஒரு தாளை எடுத்து, அடுத்தடுத்த இரண்டு கூறுகளுக்கு இடையே நிகழக்கூடிய ஆறு சார்பசைவுகளையும் எழுதிவிட வேண்டும்: நீளவாக்கில் நெருங்கி விலகுதல், பக்கவாட்டில் நழுவுதல், மேலும் கீழுமாக ஏறி இறங்குதல், முன்பின்னாக மடிதல், நீள அச்சைச் சுற்றி முறுக்கிக்கொள்ளுதல், கிடைமட்டத்தில் திசை திரும்புதல். ஒவ்வொன்றுக்கும் எதிரே தடுக்கப்பட்டது, விடப்பட்டது, ரப்பரால் அடக்கப்பட்டது என்று குறிக்க வேண்டும். இணைப்பானின் மேல் வரும் விசை, நாம் தடுத்துவைத்த அசைவு திருப்பிக் கேட்கும் விலை. உடைந்த இடத்தில் இன்னும் தடிமனான எஃகை வைப்பதுதான் இத்துறையில் நான் மிக அதிகமாகக் கண்ட தவறு. பல நேரங்களில் அது விசையை மேலும் ஏற்றிவிடுகிறது.

அறிகுறி: கணிப்பில் வரும் விசை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கிறது

இது மேசையில் தோன்றும் அறிகுறி. இதற்குப் பொதுவாக மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும், சில வேளை மூன்றும் சேர்ந்திருக்கும்.

முதலில் அந்த உச்சம் எந்த அலைக்காலத்தில் வருகிறது என்று பார்க்கவும். அது ஒரே ஒரு குறுகிய அலைக்காலத்தில் ஊசி முனை போல எழுந்து, இருபுறமும் சட்டென விழுந்தால், இரண்டு கூறுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி நீரைச் சந்தேகிக்க வேண்டும். குறுகிய இடைவெளியில் சிக்கிய நீர், பம்புக்குள் பிஸ்டன் ஏறி இறங்குவது போல மொத்தமாக ஏறி இறங்கும். கூறுகளின் மூழ்கு ஆழம் 8 மீட்டர் என்றால், அந்த ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து 2π ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5.7 வினாடி வரும். இடைவெளியின் அகலத்தையும் அடியில் கூடவே அசையும் நீரையும் சேர்த்தால் உண்மையான காலம் இதைவிடச் சற்றுக் கூடும். உங்கள் உச்சம் அந்த வட்டாரத்தில் இருந்தால் அது இணைப்பானின் குற்றம் அன்று. பாகுநிலையைக் கணக்கில் கொள்ளாத நிலையாற்றல் ஓட்டக் கணிப்பில் அந்த நீரின் ஆட்டத்தைத் தணிக்க அநேகமாக எதுவும் இல்லை. விளிம்புகளில் சுழல் எழுந்து ஆற்றல் கரைவது அந்தக் கணிப்புக்குத் தெரியாது. இடைவெளியின் நீர்ப்பரப்பில் ஒரு தணிப்பு மூடியை (ஆட்டத்தின் ஆற்றலை உறிஞ்சுவதாகக் கணிப்பில் மட்டும் வைக்கும் கற்பனை மூடி) சேர்த்து, அதன் அளவை மாதிரிச் சோதனையின் அலை உயரத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். கண்மூடித்தனமாகத் தணிப்பை ஏற்றி உச்சத்தை அழித்துவிடக் கூடாது. அந்த நீர் உண்மையிலேயே ஆடும், கணிப்பு சொல்லும் அளவுக்கு ஆடாது, அவ்வளவே.

உச்சம் அகலமாக, பல அலைக்காலங்களில் பரவியிருந்தால் இணைப்பானின் விறைப்பைப் படிப்படியாக மாற்றி ஒரு வரிசைக் கணிப்பு நடத்தவும். இங்கே பெரும்பாலோர் தவறவிடுவது, இணைப்பான் பொருத்தப்பட்ட உடற்பகுதியும் ஒரு சுருள்வில் போன்றது என்பதை. இணைப்பானின் விறைப்பு (அதாவது, அதை ஒரு மீட்டர் நீட்டத் தேவைப்படும் விசை) மீட்டருக்கு 2,000 மெகாநியூட்டன் என்றும், இருபுறமும் அது ஊன்றியிருக்கும் உடற்சட்டகத்தின் விறைப்பு தலா 500 என்றும் கொள்வோம். தொடராகக் கோத்த மூன்று சுருள்விற்களின் மொத்த விறைப்பு 222 மட்டுமே. இணைப்பானை இரட்டிப்பாக்கி 4,000 ஆக்கினால் மொத்தம் 235 ஆகும். ஆறு விழுக்காடுதான் கூடுகிறது. கூறுகளை வளையாத கட்டைகளாக வைத்துக் கணித்தவர் 2,000 என்ற எண்ணையே நேரடியாக உள்ளிட்டிருப்பார், அதனால்தான் அந்த மலைக்கவைக்கும் விசை. உடலின் நெகிழ்வைச் சேர்த்து மீண்டும் கணித்தால் எண் தரைக்கு இறங்கும்.

மூன்றாவது சோதனை அலையின் திசை. நேர் எதிரே வரும் அலையை மட்டும் பார்த்துவிட்டு முடிப்பவர்கள் உண்டு. தலா 100 மீட்டர் நீளமுள்ள மூன்று கூறுகளைக் கோத்தால் மொத்தம் 300 மீட்டர். நேர் எதிரே வரும்போது 300 மீட்டர் அலைநீளம்தான் அந்த முழு நீளத்துக்குப் பொருந்தும். ஆழ்கடலில் அதன் காலம் ஏறத்தாழ 13.9 வினாடி, அன்றாடம் வருவதில்லை. ஆனால் 120 மீட்டர் நீளமும் 8.8 வினாடிக் காலமும் கொண்ட சாதாரண அலை, கட்டமைப்பின் நீள அச்சுக்கு 66 பாகைச் சரிவில் வந்தால் கட்டமைப்பின் நீளவாக்கில் அதுவும் 300 மீட்டர் அலையாகவே தெரியும். அப்போது ஒரு முனை வலப்பக்கமும் நடு இடப்பக்கமும் தள்ளப்பட, கிடைமட்டத்தில் வளைக்கும் திருப்புத்திறனும் நீள அச்சைச் சுற்றிய முறுக்கமும் இணைப்பானில் வந்து கூடுகின்றன. அடிக்கடி வரும் அலையே மிக மோசமான விசையைத் தரும் நிலை இது. ஆகவே திசையை 10 பாகைக்கு மேற்படாத இடைவெளியில் முழுச் சுற்றும் ஓட்டிப் பார்க்கவும். 60 முதல் 80 பாகை வரை 5 பாகை இடைவெளி நல்லது.

இம்மூன்றையும் சரிபார்த்த பின்னும் விசை பெரிதாகவே நின்றால் அது உண்மையான விசை. அப்போது அசைவுத் தாளுக்குத் திரும்பி, தடுக்கப்பட்டவற்றுள் எதை விட்டுவிடலாம் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் விடை முன்பின் மடிதலாக இருக்கும். அங்கே கீல் வைத்தால் செங்குத்து வளைவு மறைந்துவிடும். அதற்கு ஈடாக மேல்தளத்தில் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மடிப்பு தோன்றும். வண்டி ஓடும் தளமா, விமானம் இறங்கும் தளமா, வெறும் சேமிப்புத் தளமா என்பதைக் கேட்காமல் அந்த மடிப்பின் அனுமதி அளவை எவரும் சொல்லிவிட முடியாது.

அறிகுறி: அலைத்தொட்டியில் அளந்ததும் கணித்ததும் ஒத்துவரவில்லை

மாதிரியின் அளவு 1:50 என்றால் நீளம் 50இல் ஒரு பங்கு, விசை 1,25,000இல் ஒரு பங்கு, மீட்டருக்கான விறைப்பு 2,500இல் ஒரு பங்கு. ஆகவே உண்மையில் மீட்டருக்கு 500 மெகாநியூட்டனாக இருக்கும் இணைப்பான், மாதிரியில் மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் மட்டுமே. லோட் செல்லும் (விசையை அளக்கும் உணரி) அதைப் பிடித்திருக்கும் தகடும் அதைவிடப் பல மடங்கு விறைப்பாக இல்லாவிட்டால், நீங்கள் அளப்பது உங்கள் கருவியின் நெகிழ்வைத்தான்.

எனக்கு நேர்ந்த ஒன்று இன்னும் எளியது. கீல் இணைப்புள்ள ஒரு மாதிரியில், சிறு அலையில் கணிப்பைவிட விசை கூடுதலாகவும், பெரிய அலையில் ஏறத்தாழச் சரியாகவும் வந்தது. இரண்டு நாள் கணிப்பைத் திருத்திக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் காலை மாதிரியைத் தொட்டியிலிருந்து தூக்கி மேசையில் வைத்து, ஒரு கூறை விரலால் மெல்ல உயர்த்திப் பார்த்தபோது அது உயர்த்திய இடத்திலேயே நின்றது. தன் எடையில் கீழே மடிந்திருக்க வேண்டும். கீலின் பக்கத் திருகு கால் சுற்று அதிகமாக இறுகியிருந்தது. சிறு அலையால் அந்த உராய்வை வெல்ல முடியவில்லை, எனவே கீல் இறுகிய மூட்டாகவே நடந்துகொண்டது. திருகைத் தளர்த்தியதும் இரண்டு வரைபடங்களும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. இந்த விரல் சோதனையை ஒவ்வொரு நாளும் தொட்டியில் இறக்குவதற்கு முன் செய்வது நல்லது. அளவீட்டின் அடிக்கோடு மெல்ல நகர்ந்துகொண்டே போனால் நீரின் வெப்பநிலையையும், கேபிள் நுனியில் ஈரம் இறங்கியதா என்பதையும் பார்க்கவும்.

அறிகுறி: கடலில் இரண்டு கூறுகளும் பொருந்த மறுக்கின்றன

நேற்று மாலை சரியாக அளந்த துளைகள் இன்று நண்பகலில் ஒன்றுக்கொன்று நேராக இல்லை என்றால், குறை சொல்ல வேண்டியது வெயிலை. மேல்தளம் வெயிலில் காய்கிறது, அடித்தகடு கடல்நீரின் குளிர்ச்சியில் இருக்கிறது. 100 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட எஃகுக் கூறில் மேலுக்கும் அடிக்கும் 20 டிகிரி வேறுபாடு இருந்தால், மேல்தளம் அடித்தளத்தைவிட 24 மில்லிமீட்டர் நீளும். தடையின்றி வளைய விட்டால் நடுப்பகுதி முனைகளைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரும். எதிரே நிற்கும் கூறிலும் இதுவே நடப்பதால், மேல் விளிம்பில் இடைவெளி அடி விளிம்பில் இருப்பதைவிட 24 மில்லிமீட்டர் குறைந்திருக்கும். கூறின் எடையும் மிதப்பு விசையும் இந்த வளைவை ஓரளவு அடக்கும். ஆனால் பின் (துளைகளில் செருகி இரு கூறுகளையும் கோக்கும் எஃகு முளை) நுழையும் துளைக்கு விட்டிருக்கும் இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தானே. ஜாக்கியால் இழுத்துப் பொருத்திவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இரவில் தளம் குளிர்ந்ததும் அந்த வளைவு நிமிரப் பார்க்கும். முடியாமல் இணைப்பானில் நிலையான இழுவிசையாகத் தங்கிவிடும். அலை எழுமுன்னரே இணைப்பான் தன் வலிமையில் ஒரு பங்கை இழந்திருக்கும். விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரமே பொருத்துவதற்கு உகந்த நேரம்.

வெயில் காரணமில்லை என்றால் பல்லாஸ்ட் தொட்டிகளின் (நீரை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் தொட்டிகள்) நீர்மட்டத்தைப் பார்க்கவும். இரண்டு கூறுகளின் மூழ்கு ஆழமும் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும். பொருத்தும்போது முதலில் ரப்பர் முகங்கள் முட்டி, அடுத்து வழிகாட்டிக் கூம்பு தன் குழிக்குள் இறங்கி, அதன் பின்னரே பின் உள்ளே போக வேண்டும். வழிகாட்டிக் கூம்பு வாங்க வேண்டிய மோதலை அந்தப் பின்னே ஏற்றுக்கொண்டால், முதல் நாளிலேயே அதன் நுனி மழுங்கி, வாழ்நாள் முழுதும் தளர்வாக ஆடும்.

அறிகுறி: மூட்டிலிருந்து தட்டும் ஓசை வருகிறது

மிகவும் அஞ்ச வேண்டிய அறிகுறி இதுவே. துறைமுகத்துக்குள் நிறுத்தியிருந்த ஒரு மிதவைத் தளத்தில், பகலில் இயந்திர இரைச்சலில் எவருக்கும் கேட்காத ஓசை, பின்னிரவில் ஒவ்வொரு எட்டு வினாடிக்கும் ஒருமுறை 'டக்' என்று கேட்டது. மூட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் அந்த அடி எலும்பில் தெரிந்தது. விளக்கடித்துப் பார்த்தபோது பின்னின் தலையைச் சுற்றிக் குங்குமம் போலச் செம்பொடி படிந்திருந்தது. துடைத்துவிட்டு மறுநாள் பார்த்தோம், மறுபடியும் பொடி. அது பழைய துரு அன்று. உலோகமும் உலோகமும் நுண்ணளவில் உரசி, அந்த உரசலில் புதிதாகத் தேய்ந்து விழும் துகள்.

தளர்வு உள்ள மூட்டில் விசை திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் ஓடி வந்து மறுபக்கத்தில் மோதுகிறது. கணிப்பில் இருந்தது அலையின் விசை. மூட்டு வாங்குவது சுத்தியல் அடி. எட்டு வினாடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளில் 10,800 அடிகள், ஓராண்டில் ஏறத்தாழ 39 லட்சம், இருபத்தைந்து ஆண்டுகளில் 10 கோடியை நெருங்கும். அடிக்க அடிக்கத் துளை நீள்வட்டமாகும், தளர்வு கூடும், அடி மேலும் பலமாகும்.

போல்ட்டால் இறுக்கிய மூட்டு என்றால் முன் இறுக்கத்தை (சுமை வருமுன்னரே போல்ட்டில் ஏற்றிய இழுவிசை) அளக்கவும். இரண்டு முகங்களும் விலகாமல் அழுந்தியிருக்கும் வரை வெளிவிசையின் ஒரு சிறு பங்கையே போல்ட் உணரும். போல்ட்டுக்கும் அது இறுக்கும் முகங்களுக்கும் விறைப்பு 1:4 என்ற விகிதத்தில் இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு. முகங்கள் விலகிய நொடியில் முழு விசையும் போல்ட்டின் மேல். ஆகவே முன் இறுக்கம், மிக மோசமான அலையிலும் முகங்கள் விலகாத அளவுக்கு இருக்க வேண்டும். நட்டை முறுக்கும் திருப்பு விசையை மட்டும் நம்ப வேண்டாம். உப்புப் படிந்த மரையில் பாதிக்கு மேல் உராய்விலேயே போய்விடும். நீர்விசை இழுப்பானால் போல்ட்டை நீட்டி, நீட்சியை அளந்து இறுக்குவதே நம்பத்தக்கது.

பின் மூட்டு என்றால் தேய்ந்த புஷ்ஷை (துளைக்குள் பின்னைச் சுற்றியிருக்கும் உருளை உறை) மாற்ற வேண்டும். பின்னை மட்டும் மாற்றிப் பயனில்லை. துளை நீள்வட்டமாகியிருந்தால் துளையைப் பெரிதாக்கிக் கடைந்து புதுப் புஷ் ஏற்ற வேண்டும். அடுத்த வடிவமைப்பில், பின்னோடு கூடவே முன்னழுத்தம் கொடுத்த ரப்பர் திண்டு ஒன்றை வைத்து, விசை திசை மாறினாலும் உலோக முகங்கள் ஒன்றையொன்று விட்டு விலகாதபடி செய்யவும். தகைவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே அயர்ச்சி வாழ்நாள் (மீண்டும் மீண்டும் வரும் சுமையில் விரிசல் விடும்வரை தாங்கும் காலம்) ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், தட்டலை நிறுத்தக் கொடுக்கும் செலவு வீண் போகாது.

அறிகுறி: ரப்பர் திண்டு ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது, அல்லது திடீரென விறைத்துப்போகிறது

ஒரு பக்கத் தேய்வு வந்தால் நங்கூரச் சங்கிலிகளின் இழுவிசையை இருபுறமும் அளந்து ஒப்பிடவும். ஒரு சங்கிலி தளர்ந்திருந்தால் வரிசை முழுவதும் மெல்லத் திரும்பி, ஒரு பக்கத் திண்டுகளையே எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். சங்கிலிகள் சரி என்றால், நிலவும் அலைத்திசையே காரணம். திண்டுகளை இடம் மாற்றிச் சுழற்சியில் பயன்படுத்தலாம்.

விறைத்துப்போவதற்கு வேறு காரணம். ரப்பர் அழுந்தும்போது அதன் பருமன் அநேகமாகக் குறைவதில்லை. அழுந்திய அளவுக்குப் பக்கவாட்டில் பிதுங்குகிறது. அந்தப் பிதுக்கத்துக்கு விட்ட இடத்தைச் சிப்பிகளும் கொட்டலசுகளும் அடைத்துக்கொண்டால் திண்டு கல்லாக நடந்துகொள்ளும், கணிப்பில் போட்ட விறைப்பு பொருளற்றதாகிவிடும். வடிவமைப்பு வரைபடத்திலேயே அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யக் கை நுழையும் வழி இருக்கிறதா என்று பார்க்கவும். கீல் மூட்டுகளும் இப்படியே உயிரிப் படிவாலும் துருவாலும் இறுகிப்போகும். கீலாக வரைந்த மூட்டு இறுகிய மூட்டாக மாறினால், நீங்கள் விட்டுவிட்ட வளைக்கும் திருப்புத்திறன் முழுதும் திரும்பி வரும்.

இன்னொன்று: ரப்பர் திண்டு மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு கூறின் தியாக அனோடுகள் (எஃகுக்குப் பதில் தாம் அரிந்து அதைத் துருவிலிருந்து காக்கும் உலோகக் கட்டிகள்) மறு கூறைக் காக்கும் என்று நம்பியிருந்தால், மூட்டுக்குக் குறுக்கே செம்புக் கேபிள் போடாதவரை அந்தப் பாதுகாப்பு இல்லை.

அறிகுறி: இணைப்பான் நன்றாக இருக்கிறது, அருகிலுள்ள அறையில் நீர் சேர்கிறது

விரிசல் இணைப்பானில் இல்லை, அது ஊன்றிய உடற்சட்டகத்தில் இருக்கிறது. ஒரு புள்ளியில் வரும் பெருவிசையை மெல்லிய தகட்டுக்குப் படிப்படியாகப் பரப்ப வேண்டிய தாங்குதகடு குட்டையாக முடிந்த இடத்தில், பற்றவைப்பு தகட்டோடு சேரும் ஓரத்தில் பார்க்கவும். கான்கிரீட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள எஸ்.ஆர். 520 மிதவைப் பாலத்துக்கு முதலில் வார்த்த மிதவைகளின் முனைச் சுவர்களிலேயே விரிசல்கள் கண்டன. முன்தகைவுக் கம்பிகளின் (கான்கிரீட்டை முன்கூட்டியே அழுத்திப் பிடிக்கும் இழுகம்பிகள்) விசை அங்கே எப்படிப் பரவும் என்பது வடிவமைப்பில் போதிய அளவு கணக்கிடப்படவில்லை. விரிசலின் மேல் ஒரு தகட்டை ஒட்டிப் பற்றவைப்பது சிகிச்சை ஆகாது; அந்தத் தகட்டின் ஓரமே அடுத்த விரிசலின் தொடக்கமாகும். விரிசல் நுனியில் துளையிட்டு நிறுத்திவிட்டு, விசைப் பாதையை நீட்டும் தாங்குதகட்டைச் சேர்க்கவும்.

நீரை உடனே வெளியேற்றவும், காரணம் பிறகு தேடலாம். சியாட்டிலில் லேசி முரோ மிதவைப் பாலம் 1990 நவம்பர் 25 அன்று மூழ்கியபோது அது புதுப்பிப்புப் பணியில் இருந்தது. மிதவைகளில் திறப்புகள் இருந்தன, உள்ளே நீர் இருந்தது, மேலே புயல். மூழ்கிய பகுதி தன்னோடு பிணைந்திருந்த பகுதிகளையும் கீழே இழுத்துச் சென்றது.

அறிகுறி: ஓர் இணைப்பான் முறிந்துவிட்டது

முறிந்ததை அந்த அலையிலேயே மாற்ற முயல வேண்டாம். முதலில் அதே மூட்டின் மறுபக்க இணைப்பானைப் பார்க்கவும். வளைக்கும் திருப்புத்திறனை இரண்டு இணைப்பான்கள் ஒன்று இழுவிசையாகவும் மற்றொன்று அழுத்தமாகவும் பகிர்ந்துகொண்டிருந்தன. இப்போது அந்த இணை குலைந்துவிட்டது, எஞ்சிய ஒன்று முறுக்கப்படுகிறது. அடுத்து, அருகிலுள்ள மூட்டுகள். ஜப்பானின் சிபா மாநிலத்தில் யாமாகுரா அணையில் மிதந்த சூரிய மின்தளம் 2019 செப்டம்பர் 9 அன்று ஃபாக்சாய் சூறாவளியில் கிழிந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து தீப்பற்றியது. அது கடலன்று, அணைநீர்; கூறுகளும் சிறியவை. ஆனால் ஓரிடத்தில் பிடி விட்டதும் சுமை அடுத்த பிடிக்கு ஓடும் விதம் ஒன்றே.

ஆகவே வடிவமைப்பிலேயே ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும்: ஓர் இணைப்பான் போனால் மற்றவை தாங்குமா, அல்லது அந்த மூட்டு முழுதும் தூய்மையாகப் பிரிந்துவிட வேண்டுமா? தாங்கும் என்றால், ஒன்றை நீக்கிய நிலையில் முழுக் கணிப்பையும் மீண்டும் ஓட்டியிருக்க வேண்டும். பிரிய வேண்டும் என்றால், முறியும் உறுப்பு உடற்சட்டகத்தைவிட நிச்சயமாக வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும். பிரிந்த ஒவ்வொரு கூறும் தன் சொந்த நங்கூரத்தில் நிற்க வேண்டும். கேபிள்களும் குழாய்களும் இழுபடாமல் தாமே கழன்றுகொள்ள வேண்டும். கழற்றும் கைப்பிடி, இரண்டு கூறுகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும் மூட்டின் நடுவில் இருக்கக் கூடாது. பத்து மீட்டர் பின்னால், தளத்தின் மேல், கையுறை அணிந்த ஒருவர் இருட்டில் தடவிக் கண்டுபிடிக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். அதை மாதம் ஒருமுறை சுமையோடு இழுத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.